எந்த ஜோடியை வைத்துக்கொள்வது

சின்ன அறைக்குப் பெரிய ஸ்பீக்கர் ஆகாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஜன்னல் எந்தப் பக்கம், பீரோ எங்கே நிற்கிறது, நாற்காலியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறோம் என்றெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பார்த்த பிறகு, அந்த நாற்காலியில் உட்காரப்போகிற ஆள் யார் என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

மேடம், இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது ஸ்பீக்கரைப் பற்றி இல்லை என்று எனக்கும் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியர் சொர்ணவல்லியின் கணவர் என்ற முறையில், இளமதியின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். தாளும் பேனாவும் கொடுத்து இந்த அறையில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறீர்கள். ஸ்பீக்கரில் தொடங்கினால்தான் என்னால் அந்தக் குழந்தையிடம் வந்து சேர முடியும். வேறு வழியில் வந்தால் என் மனைவி குற்றவாளி போலத் தெரிவாள். அவள் வேலை போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பெயர் சேவுகன். அன்னவாசலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. எங்கள் ஊருக்கு அங்கிருந்து உள்ளே போக வேண்டும். மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் நானும் சொர்ணவல்லியும்தான். என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு வயல் பைத்தியம், மாட்டுப் பைத்தியம், வீட்டுமனைப் பைத்தியம் என்று ஆளுக்கு ஒன்று உண்டு. எனக்குப் பாட்டு. பாட்டு என்றால் செல்போனில் கேட்கிற பாட்டு இல்லை. பாடுகிறவர் நம் கூடத்தில் வந்து நின்று பாடுகிற மாதிரி கேட்க வேண்டும். அதற்கான ஆம்ப்ளிஃபயரைப் பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியிருந்தேன். மீதி இருந்தது ஸ்பீக்கர். என் வருமானத்துக்கு ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும். வாங்கினால் சாகும்வரை அதைத்தான் கேட்டாக வேண்டும். தப்பான ஜோடியோடு மாட்டிக்கொண்டால் மீதி ஆயுள் வீண் என்று எனக்கு ஒரு பயம். சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அந்தப் பயம் உண்மையானது.

திருச்சியில் ஒருவர் பழைய ஸ்பீக்கர்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். நல்ல மனுஷன். அவரிடம் என் கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று, ஸ்டாண்டில் வைக்கிற சின்னப் பெட்டிகள். மற்றது, இடுப்பு உயரத்துக்குத் தரையில் நிற்கிற பெட்டிகள். வீட்டில் அவற்றுக்குச் சின்னது, நெட்டை என்றே பெயர் வந்துவிட்டது. கேட்கப் போன அன்று சொர்ணவல்லியும் கூட வந்திருந்தாள். சொந்தத்தில் ஒரு கல்யாணம், சேலை எடுக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். அவள் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறியபடி உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். நெட்டைதான் நல்லது, அதில் ஆழம் இருக்கிறது, விரிவு இருக்கிறது என்று சொன்னேன். அதைப் பற்றி நிறையப் படித்திருந்ததால் கொஞ்சம் விளக்கியும் பேசினேன். கடைக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். அப்போதுதான் சொர்ணவல்லி வாயைத் திறந்தாள்.

"அந்தச் சின்னதுல, பாடுறவரு ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி மூச்சு இழுக்குறது கேக்குதுங்க. இந்த ஒசரமானதுல அது கேக்கலையே."

கடைக்காரர் அவளையே பார்த்தார். பிறகு மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, அக்கா சொல்வதுதான் சரி, நெட்டையின் மேல் பக்கத்து ஸ்பீக்கர் கொஞ்சம் மந்தம், அதைத் தன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றார். அக்காவின் காதை நம்பி வாங்குங்கள் அண்ணே என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எனக்கு எந்த மூச்சும் கேட்கவில்லை.

அவர் வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சில மாதம் போய் இருக்கப்போவதாகவும், கடையைப் பூட்டிவிடப்போவதாகவும் சொன்னார். இரண்டையும் வீட்டில் வைத்து நிதானமாகக் கேளுங்கள், நான் திரும்பி வந்ததும் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதற்குப் பணம் தாருங்கள் என்றார். அந்தப் பெருந்தன்மை இல்லாமல் இருந்திருந்தால் நான் அன்றே ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஸ்பீக்கர்கள் குட்டி யானை வண்டியில் தனியாக வந்தன. நாங்கள் பஸ்ஸில் வந்தோம். கீரனூர் தாண்டும்வரை நான் அவளிடம் பேசவில்லை. கோபமா என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

வீட்டில் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி செய்துகொண்டேன். அதைத் திருப்பினால் ஒரு ஜோடியிலிருந்து இன்னொரு ஜோடிக்குப் பாட்டு மாறும். சொர்ணவல்லியைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மாற்றுவேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், இது சின்னது, இது நெட்டை என்று சொல்லிக்கொண்டே போவாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. பிறகு அவளைச் சுவிட்சைத் திருப்பச் சொல்லி நான் உட்காருவேன். நான் சொன்னது பாதி சரியாக இருந்தது, பாதி தப்பாக இருந்தது. அதற்குக் காதே வேண்டியதில்லை, பூவா தலையா போட்டுப் பார்த்தாலே போதும். அவள் என் மனசு நோகக் கூடாது என்று சில தடவை தப்பையும் சரி என்று சொன்னாள். அதுவும் எனக்குத் தெரிந்தது.

செல்போனில் காதைச் சோதிக்கிற ஒரு ஆப் இருக்கிறது. ஒலி மெல்லியதாகிக்கொண்டே, ஸ்தாயியில் உயர்ந்துகொண்டே போகும். எனக்கு ஓரிடத்தில் நின்றுபோனது. நின்றுவிட்டது என்று நினைத்துப் போனை வைக்கப் போனேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கொசு கத்துகிற மாதிரி அது என்ன சத்தம், நிறுத்துங்கள் என்றாள். எனக்கு அமைதியாக இருந்த அறையில் அவளுக்கு ஏதோ ஒலித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக இப்படி என்று தெரியவில்லை. புதுக்கோட்டையில் காது டாக்டர் ஒருவரை அவளுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்தேன். வயசானால் எல்லோருக்கும் மேல் ஸ்தாயி போகும், போனது திரும்பாது, பேச்சு கேட்கிறதல்லவா, அது போதும் என்று அனுப்பிவிட்டார்.

அவள் சொன்னபடி சின்னதையே வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதை நினைக்காமல் இல்லை. வாங்கினால் அது அவளுடைய ஸ்பீக்கர். நான் தினமும் எதிரே உட்கார்ந்து, எனக்குக் கேட்காத ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டும். நெட்டையை வாங்கினாலோ, மந்தமானதை வாங்கி வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள். மொச்சை உரிப்பாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரை ஒரு விரற்கடை நகர்த்துவேன், உட்காருவேன், எழுந்து திரும்பவும் பழைய இடத்திலேயே வைப்பேன். காற்றாடியை நிறுத்துவேன். ஃபிரிட்ஜை நிறுத்துவேன். பால் கெட்டுப்போய் அவள் சண்டை போட்டிருக்கிறாள். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று எழுந்து விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறேன், ஸ்டாண்டின் கோணம் தப்பு என்று தோன்றியதால். எதுவும் மாறவில்லை. அதற்கிடையில் அவள் காது செய்கிற வேலைகளை நான் கவனிக்க ஆரம்பித்திருந்தேன். அடுப்படியில் பால் பொங்கப் போவது அவளுக்குக் கூடத்திலிருந்தே தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் இரைவதை வைத்து மின்சாரம் வரப்போகிறது என்று சொல்வாள். பாட்டில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. கேட்டால், பாட்டு நல்லாருக்குங்க என்பாள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆளுக்கு அப்படிப்பட்ட காது எதற்கு என்று எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

அந்தக் காது அவளுக்கு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் கேட்கிற சின்னக் குழல் ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். அகன்ற வாயை வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். துடிப்பைக் காட்டுகிற கையடக்கக் கருவியும் அவளிடம் இருந்தது. மெஷின் சமயத்தில் தாயின் துடிப்பையே பிள்ளையின் துடிப்பு என்று காட்டிவிடும், காது ஏமாற்றாது என்பாள். அவள் வந்து குழலை வைத்துவிட்டு நல்லா இருக்கு ஆத்தா என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நிம்மதி. நான் அப்போது என்ன நினைத்தேன் என்றால், அதற்குத்தான் கருவி இருக்கிறதே, காது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று நினைத்தேன்.

என் காதின் திறனை ஏற்ற வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருவரும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டுமென்றால் மீதி இருந்தது ஒரு வழிதான். இதை நான் ஒரே நாளில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஒரு கணக்கைப் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் விடை தானாகத் தெரியும் அல்லவா, அப்படித்தான் தெரிந்தது.

முதலில் ஹெட்ஃபோன். எந்த ஜோடி நல்லது என்று முடிவு செய்ய உன் காதுக்குப் பயிற்சி வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். சாப்பாடு முடிந்ததும் ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டி, பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். முதலில் சாதாரண சத்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எவ்வளவு சத்தம் எவ்வளவு நேரத்துக்கு மேல் போனால் காதின் உள்நரம்பு கெடும் என்று நான் நன்றாகப் படித்திருந்தேன். அந்த அளவுகளை என் காதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முதலில் படித்தேன். சத்தமா இருக்குங்க என்பாள். இப்படித்தான் கேட்க வேண்டும், அப்போதுதான் நுணுக்கம் தெரியும் என்பேன். சரி என்று கேட்டுக்கொள்வாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு நாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, கல்யாணமான புதுசுக்கு அப்புறம் இப்போதுதான் இப்படிப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி என் தோளில் சாய்ந்தாள். எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

ஆனால் அவளுக்கு வேலை அதிகம். பல நாள் களைத்துப்போய்த் தூங்கிவிடுவாள். காதுக்கும் ஓய்வு கிடைத்துவிடும். இந்த வேகத்தில் போனால் கடைக்காரர் திரும்பி வருவதற்குள் ஒன்றும் ஆகாது என்று பட்டது. அந்தச் சமயத்தில் வைகாசியில் மாரியம்மன் திருவிழா வந்தது.

எங்கள் ஊரில் திருவிழாவுக்கு ஒவ்வொரு செலவையும் ஒருவர் உபயமாக ஏற்றுக்கொள்வார்கள். மைக்செட் உபயத்தை நான் எடுத்துக்கொண்டேன். உபயக்காரர் வீட்டு வாசலில் ஒரு குழாய் கட்டுவது வழக்கம். குழாய் என்றால் பெரிய கூம்பு ஒலிபெருக்கி. அதைக் கட்டினால் வீட்டுக்குப் பெருமை. மைக்செட்காரர் நாகராசு எங்கள் வாசல் வேப்பமரத்தில் ஏறினார். படுக்கையறை ஜன்னலுக்கு நேராகக் கட்டுங்கள் என்றேன். அவர் மரத்திலிருந்தே குனிந்து பார்த்தார்.

"அண்ணே, ஜன்னலுக்கு நேரா அடிக்கும். அக்கா படுக்க வேணாமா? அங்கிட்டு தெருப் பக்கம் திருப்பிக் கட்டுறேனே."

"அவதான் ஆத்தா பாட்டு விடாம கேக்கணும்னு ஆசைப்படுறா. இங்கிட்டே இருக்கட்டும்," என்றேன்.

நாகராசு நான் சொன்னபடியே கட்டினார். பக்தியில் தலையிட யாருக்கும் துணிச்சல் வராது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர்கள் இரவில் வெளியூரில் தங்கக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொர்ணவல்லி கறம்பக்குடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். காப்புக் கட்டிய பிறகு ஊரைத் தாண்டலாமா, அதுவும் உபயக்காரர் வீட்டம்மா என்று நான்தான் நினைவூட்டினேன். அவள் சாமிக்கு மிகவும் பயந்தவள். போகவில்லை.

விடியற்காலையில் தொடங்கினால் சாமி வீதியுலா முடிகிறவரை குழாய் நிற்காது. ஜன்னல் கண்ணாடி அதிரும். தண்ணீர்ச் சொம்பில் வளையம் வளையமாகப் போகும். என் காதில் பஞ்சைவிட நல்ல அடைப்பான் இருந்தது, மெத்தென்று உள்ளே போய்விடும், முடி மறைத்துவிடும். அவள் ஒரு நாள் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நம் உபயத்தில் ஆத்தா பாட்டு பாடும்போது நாமே காதைப் பொத்திக்கொண்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து பஞ்சை எடுத்துவிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயந்தரம் மைக்கில் என் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்து நன்றி சொன்னார்கள். அவள் சிரித்தாள், ஆனால் என்ன சொன்னார்கள் என்று என்னைத்தான் கேட்டாள்.

மஞ்சள் நீராட்டு முடிந்து நாகராசு குழாயை இறக்கினார். ஊர் திடீரென்று அடங்கியது. அன்று அவள் அடுப்படியில் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் காதை அழுத்தி அழுத்தி எடுத்தாள். காதுக்குள் ஏதோ விட்டு விட்டு அடிக்கிறது, குழாயை இறக்கியாச்சா இல்லையா என்று கேட்டாள். இறக்கியாச்சு, நாலு நாளில் சரியாகிவிடும் என்றேன். சரியாகவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது, அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், அன்று எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது.

அப்புறம் அவளைத் திரும்பி உட்காரவைத்துச் சுவிட்சைத் திருப்பினேன். நெட்டையில் பாட்டு ஓடும்போது சின்னது என்றாள். சின்னதில் ஓடும்போது யோசித்தாள். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குங்க என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். எத்தனையோ நாளாக அவளிடம் சொல்ல ஏங்கிய வார்த்தை அது. அன்று நானே தோசை சுட்டு அவளுக்குப் போட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, உன்னோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்றேன். உட்கார்ந்தோம். அந்த ஒரு மாலை உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அது நிலைக்கவில்லை. அடுத்த வாரமே பழையபடி எழுந்து ஸ்பீக்கரை நகர்த்த ஆரம்பித்துவிட்டேன். எது நல்லது என்பது இன்னும் முடிவாகவில்லை, கடைக்காரர் வரப்போகிறார், இப்போது கேட்டுச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை. முன்பு அவளுக்காவது தெரிந்திருந்தது. இதை நான் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். என் தவறு என்று எதையாவது எழுத வேண்டும் என்றால் இதைத்தான் எழுதுவேன்.

இனி இளமதியிடம் வருகிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. சொர்ணவல்லி அவளைத் தன் மகளைப் போலப் பார்த்துக்கொண்டாள். ஆடி மாதம், நாள் நெருங்கிய சமயம், இரண்டு நாளாகப் பிள்ளை அசைவது குறைந்த மாதிரி இருக்கிறது என்று இளமதி போன் செய்தாள். என் மனைவி போனின் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசினாள், அப்படியும் இரண்டு தடவை திரும்பக் கேட்டாள். வைத்த பிறகு பையை எடுத்தாள். குழலைக் கையில் எடுத்தாள். பிறகு வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

அதற்கு முன்பும் காது டாக்டரிடம் போக வேண்டும் என்று அவள் சில தடவை சொல்லியிருந்தாள். மெழுகு அடைத்திருக்கும், பார்க்கலாம் என்று நான் தள்ளிப் போட்டு வந்தேன். அன்று அவள் கேட்ட விதம் வேறு.

"எனக்கு என் காது மேலயே சந்தேகமா இருக்குங்க. நீங்கதான் சோதிச்சுப் பாக்கத் தெரிஞ்சவுக. பாத்து உண்மையச் சொல்லுங்க. கேக்கலைன்னா நான் தொட மாட்டேன், நேரா பெரியாஸ்பத்திரிக்கு அவளக் கூட்டிட்டுப் போயிருறேன்."

அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டினேன். ஒலி கேட்கும்போது விரலைத் தூக்கச் சொன்னேன். மெல்லிய ஒலிகளுக்கு அவள் விரலைத் தூக்கவே இல்லை. கொஞ்சம் கூட்டினேன், அப்போதும் இல்லை. பிறகு நான் எதையும் போடாமல் சும்மா நின்றேன். அப்போது தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். அவள் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்ததைத்தான் நான் போடுகிற ஒலி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லாத துடிப்பு அவளுக்குக் கேட்கிறது என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இந்தக் காதோடு போய் ஒரு வயிற்றில் குழலை வைத்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கியது. நான் மடையன் இல்லை.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை என்று சொன்னால் டாக்டரிடம் போவாள். எதனால் கெட்டது என்று டாக்டர் கேட்பார். ஹெட்ஃபோனும் குழாயும் பேச்சில் வரும். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"எல்லாம் சரியாத்தான் சொன்ன. ஒனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. போயிட்டு வா."

அவள் முகம் தெளிந்துவிட்டது. சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அங்கே நடந்தது உங்கள் விசாரணையில் வந்திருக்கும். கருவியில் துடிப்பு தெளிவாக வரவில்லை. அவள் கருவியைத் தள்ளி வைத்துவிட்டுக் குழலை வைத்துக் காதைக் கொடுத்தாள். நல்லா அடிக்குது ஆத்தா, பயப்படாதே, நல்லாச் சாப்பிட்டு இடது பக்கமாப் படு என்று சொல்லிவிட்டு வந்தாள். இளமதிக்கு அவள் சொல்லே போதும். மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிள்ளை போயிருந்தது. முந்தின நாளே வந்திருந்தால் எடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். பெண் குழந்தை.

சொர்ணவல்லி உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். என் கணவர் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொன்னார், அப்படியிருந்தும் நான் தவறாகக் கேட்டுவிட்டேன், என்மேல்தான் குற்றம் என்று சொல்லியிருப்பாள். என்னை நீங்கள் கூப்பிட்டதே அதனால்தான். அவள்மேல் குற்றமில்லை. அவள் தன் காதைச் சந்தேகப்பட்டாள், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டாள். அவள் காதைக் கெடுத்தது நான். கெட்டிருக்கிறது என்று தெரிந்தே நல்லாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பியதும் நான். இளமதியின் பிள்ளை என்னால்தான் இறந்தது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு அவள் வேலையைக் காப்பாற்றிக் கொடுங்கள். அலுவலக வேலை ஏதாவது கொடுத்தால் அவளால் செய்ய முடியும். என்மேல் வழக்குப் போட்டால் மறுக்க மாட்டேன். இளமதி வீட்டார் முகத்தில் விழிக்க மட்டும் என்னால் முடியாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் இப்போது கறம்பக்குடியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான் இன்னும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. இங்கிருந்து உங்கள் வழியாகத் தெரியட்டும் என்று இருக்கிறேன். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. பாட்டுக் கேட்க இதைவிட நல்ல அமைதி கிடைக்காது, ஆனாலும் உட்கார முடியவில்லை. கடைக்காரர் ஊருக்கு வந்துவிட்டார், எந்த ஜோடியை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறார். பதில் போடவில்லை. இரண்டும் இன்னும் கூடத்தில் அப்படியே நிற்கின்றன.

மேடம், சற்று முன் இந்த மேஜையில் நீங்கள் விட்டுப்போன செல்போன் மணியடிக்காமல் அதிர்ந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்கவில்லை, வெளிச்சம் வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. நீங்கள் கதவு சாத்திய பக்கத்து அறையிலிருந்தே அது கேட்டு எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போனீர்கள். விசாரணைக்காக எப்படியும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவீர்கள். வரும்போது அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எது ஓடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள். ஒரே ஒரு பாட்டு போதும். அதற்குமேல் உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன்.